நோரீன் கிராப்ட்ரீ ஃபெயில் ஆக்கிய வீடுகள்

நோரீன் கிராப்ட்ரீ அம்மையார் முப்பத்தோரு வருஷம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்தில் கார் ஓட்டும் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்தார். அவர் காலத்தில் அந்தப் பக்கம் சாலை விபத்துகள் குறைந்தன என்பார்கள். குறையாமல் என்ன செய்யும்? பாதிப் பேரை அவர் சாலைக்கே வர விடவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினவர், கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினவர், திரும்பும்போது "ஐயோ கடவுளே" என்று முனகினவர் எல்லோருக்கும் ஒரே நீதி. முடிந்ததும் அட்டையில் செருகிய தாளைப் பேனாவால் ஒரு தட்டு தட்டி, இன்றைக்கு உங்களுக்குத் தேர்ச்சி இல்லை என்பார். குரலில் கோபமும் இருக்காது, சந்தோஷமும் இருக்காது. மழை வரும் என்று வானொலியில் சொல்கிறார்களே, அந்த மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவருக்குக் கை நமநமத்தது. சந்தையில் யாராவது முட்டைக்கோஸ் பொறுக்கினால்கூட மதிப்பெண் போடத் தோன்றியது. இப்படி ஒரு மனிதர் சும்மா திரிவது ஊருக்கு ஆபத்து என்று கடவுளே நினைத்திருக்க வேண்டும். கால்டர் பள்ளத்தாக்கு டெரியர் மறுவாழ்வுச் சங்கத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டெரியர் என்பது பொந்துக்குள் தலைகீழாக இறங்கி, உள்ளே இருக்கும் நரியோடு வாக்குவாதம் செய்வதற்கென்றே முந்நூறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து உருவாக்கின நாய். அதை வாங்கி வந்து சோபாவில் உட்கார வைக்கிறார்கள். சோபாவில் பொந்து விழுந்ததும் ஆச்சரியப்படுகிறார்கள். பிறகு சங்கத்துக்குப் போன் வருகிறது. அப்படி வந்த நாய்களை உறுப்பினர்கள் ஆளுக்கொன்றாகத் தங்கள் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து, நிரந்தர வீடு பார்த்து அனுப்புவார்கள். அனுப்பும் முன் யாராவது ஒருவர் அந்தப் புது வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு வீட்டுச் சோதனை என்று பெயர்.

நோரீன் வருவதற்கு முன்னால் வீட்டுச் சோதனை என்றால் தேநீர் குடிப்பது, கேக் நன்றாக இருந்தால் நாயைக் கொடுப்பது. நோரீன் நாற்பத்திரண்டு கேள்விகளுள்ள ஒரு படிவம் தயாரித்தார். அளவு நாடா, டார்ச் விளக்கு, முழங்கால் போட ஒரு சின்ன மெத்தை ஆகியவற்றோடு கிளம்பினார். ஒரு பாதிரியார் வீட்டு வேலி ஐந்தடி பதினோரு அங்குலம் இருந்தது. ஆறடி வேண்டும். "இந்த ஓர் அங்குலத்தைக் கர்த்தர் பாத்துக்குவார்" என்றார் பாதிரியார். "அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா ஏத்துக்கறேன்" என்றார் நோரீன். அந்த வருஷம் சங்கத்துக்கு முப்பத்தோரு நாய்கள் வந்தன. வீடுகள் நான்குதான் தேறின.

சங்கத் தலைவி மார்ஜரி சக்டன், முன்பு தபால் நிலையம் நடத்தியவர். அவருக்கும் நோரீனுக்கும் ஒரே வயது. இருவரும் ஒரே பள்ளியில் படித்து, ஒருவரையொருவர் ஐம்பது வருஷமாகச் சகித்து வந்தவர்கள். நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர்கள் பாசம் வைத்து அவற்றைத் தாங்களே எடுத்துக்கொள்வதும், அதனால் அடுத்த நாய்க்கு இடமில்லாமல் போவதும் சங்கத்தின் பழைய நோய். அதற்கு நோரீன் ஒரு மருந்து கண்டுபிடித்தார். இடைக்காலமாக நாய் வைத்திருப்பவர் அதே நாயைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது.

அது முதலில் மார்ஜரியின் தலையிலேயே விழுந்தது. டில்லி என்ற காது கேளாத கிழட்டு நாய் அவரிடம் ஏழு மாதமாக இருந்தது. விதிப்படி டில்லி போனது. போனது எங்கே? மலைக்கு அந்தப் பக்கம், பரம்பரைப் பகையாளியான லங்காஷயருக்கு. யார்க்‌ஷயரில் ஒருத்தியின் நாயை லங்காஷயருக்கு அனுப்புவது என்ன காரியம் என்று அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். மார்ஜரி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டங்களில் பிஸ்கட் தட்டு சுற்றி வரும்போது நோரீனிடம் வரும் முன் முழு பிஸ்கட்டுகள் மட்டும் எப்படியோ தீர்ந்துபோயின. அவ்வளவுதான்.

நோரீனுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. நாய்களுக்கு விளம்பரம் எழுதுவது. இது சாதாரண எழுத்தல்ல. பொய் சொல்லக் கூடாது, உண்மை தெரியவும் கூடாது. "தன் கருத்தைத் தயங்காமல் சொல்வான்" என்றால் விடாமல் குரைக்கும். "சிறு பிராணிகளில் ஆர்வம் உண்டு" என்றால் பக்கத்து வீட்டு முயல் இப்போது இல்லை. "அனுபவமுள்ளவர் கையில் மலர்வான்" என்றால் கடிக்கும். கல்யாணத் தரகர்களும் வீட்டுத் தரகர்களும் வந்து பாடம் கேட்டுப் போகலாம் என்கிற அளவுக்கு நோரீனுக்கு இந்தக் கலை கைவந்திருந்தது.

இப்படியிருக்கையில் ஒரு மார்ச் மாதம் நோரீன் வீட்டில் இடைக்காலமாகத் தங்க டெரிக் வந்தான்.

டெரிக் பேட்டர்டேல் டெரியர் ஜாதி. கறுப்பு. ஒரு காதில் பாதி இல்லை. மூன்று வீடுகள் திருப்பி அனுப்பியவன். வந்த அன்று நோரீனின் வரவேற்பறையில் நடுவே நின்று, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பிறகு நோரீனைப் பார்த்தான். நோரீனுக்கு அது தெரிந்த பார்வை. முப்பத்தோரு வருஷம் தான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. இந்த வீட்டுக்குத் தேர்ச்சி இல்லை என்று அந்த முகத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

அன்றிலிருந்து நோரீன் அந்த நாயிடம் தேறப் பாடுபட்டார். அவன் பூட்ஸைத் தின்றான். வெண்ணெய்த் தட்டைத் தினமும் காலையில் நக்கினான். அதுவும் வலது ஓரத்திலிருந்துதான் தொடங்குவான். தபால்காரரின் கடிதங்களைக் கதவு இடுக்கிலேயே வாங்கிப் பிரித்துப் படித்தான். மே மாதம் ஒரு நாள் நோரீன் நாற்காலியில் அமர்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தபோது டெரிக் வந்து, ஒரு பெருமூச்சு விட்டு, அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான். இருபது நிமிஷம் நோரீன் கால் விரலைக்கூட அசைக்கவில்லை. கணவர் ஆல்பர்ட் இருந்த காலத்தில் அவருக்குக்கூட இந்தச் சலுகை கிடைத்ததில்லை.

பிறகுதான் மார்ஜரியிடமிருந்து போன் வந்தது.

"நோரீன், டெரிக் வந்து பத்து வாரமாச்சு. விளம்பரம் எங்க?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"நீ எழுத பத்து நிமிஷம் எடுத்துக்கறவ. பத்து வாரமா எழுதற அளவுக்கு அது என்ன அரச பரம்பரையா?"

நோரீன் மேஜைக்கு முன் உட்கார்ந்தார். விதியை மீறுவது என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. அவர் உடம்பில் அப்படி ஒரு உறுப்பே கிடையாது. ஆனால் யாருமே கேட்டு வராத நாயை யார் கையில் கொடுப்பது? அது யார் குற்றமும் இல்லையே. ஆகவே வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாயைப் பற்றிய முழு உண்மையையும் எழுதினார்.

"டெரிக் கெட்டவன். கடிப்பான். கடித்த பின் வருந்த மாட்டான். பூனை, முயல், கோழி, தோட்டக் குழாய், நீலச் சட்டை போட்டவர்கள் ஆகாது. மழை பெய்தால் அதற்கு நீங்கள்தான் காரணம் என்று நினைப்பான். காலுறையில் இடதை மட்டும் தின்பான். படுக்கையில் உங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு உங்கள் தலையணையில் படுப்பான். கொட்டாவி விடும்போது கதவு கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் வரும். நீங்கள் சோகமாக இருந்தால் கிட்டே வந்து பார்த்துவிட்டு, எழுந்து போய், ஒரு செருப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதையும் தின்பான். யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது."

சங்கத்தின் இணையப் பக்கத்தில் இதைப் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடித்தார்.

நோரீன் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அவரும் இங்கிலாந்துக்காரர், படிப்பவர்களும் இங்கிலாந்துக்காரர்கள். நல்ல நாய், சமர்த்து, குழந்தைகளோடு விளையாடும் என்று எழுதுங்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது உங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லுங்கள், குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். நான்கே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். வட ஸ்காட்லாந்திலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தம்பதி. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், தன் சுபாவமும் அதுவே என்று எழுதியிருந்தார். லீட்ஸ் நகரத்து அம்மாள் ஒருத்தி, இரண்டு கணவர்களை இதே நிபந்தனைகளில் வைத்திருந்த அனுபவத்தைக் குறிப்பிட்டிருந்தார்.

மார்ஜரி அவற்றை வடிகட்டி மூன்றாக்கி நோரீனிடம் நீட்டினார். "போய்ப் பாத்துட்டு வா. உன் வேலைதானே."

முதல் வீட்டில் குளம் இருந்தது. ஃபெயில். குளத்தின் ஆழம் இரண்டு அங்குலம் என்றும், அதில் ஒரு கல் தவளைதான் குடியிருக்கிறது என்றும் வீட்டுக்காரர் மன்றாடினார். தவளையைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதினார் நோரீன். இரண்டாவது வீட்டில் எல்லாம் சரி. ஆனால் அந்த அம்மாள் டெரிக்கை "செல்லக்குட்டி" என்றார். ஃபெயில்.

மூன்றாவது வீடு மேட்டு நிலத்தில், சாலை முடியும் இடத்தில் இருந்தது. வில்ஃப் ஓக்டன். எழுபது வயதைத் தாண்டியவர். ஆயுள் முழுக்க வயல்களுக்குக் காரை இல்லாமல் கல் அடுக்கிச் சுவர் கட்டியவர். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். என்னை ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"ஆறு தடவை. கடைசியா ஒரு கழுதைக்கு வழி விட்டேன்னு ஃபெயில் ஆக்கினீங்க. அதோட பஸ்ஸுக்கு மாறிட்டேன்."

"கழுதைக்கு வழி விட்டதுக்கு இருக்காது. விட்டுட்டுக் கையாட்டியிருப்பீங்க."

"ஆட்டினேன்" என்று ஒப்புக்கொண்டார் வில்ஃப். "தெரிஞ்ச கழுதை."

நோரீனுக்கு உள்ளூர உற்சாகம் பிறந்தது. ஆறு முறை தவறியவன் ஏழாவது முறையும் தவறத்தானே வேண்டும்? அளவு நாடாவை எடுத்தார். சுவர் ஆறடி நான்கு அங்குலம். எலி நுழைய இடுக்கில்லை. முழங்காலிட்டு அஸ்திவாரத்தில் டார்ச் அடித்தார், மூன்றடி ஆழம். குளம் இல்லை. முயல் இல்லை. வீட்டில் நீலச் சட்டையே இல்லை. இருந்த இரண்டையும் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். நாற்பத்திரண்டு கேள்விகளும் முடிந்தன. ஒரு தவறுகூடக் கிடைக்கவில்லை. நோரீன் மீண்டும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

"உக்காருங்க மேடம்" என்றார் வில்ஃப். தேநீரை வைத்தார். "அந்த விளம்பரத்தைப் பதினோரு தடவை படிச்சேன். யாரு எழுதினது?"

"சங்கம்."

"சங்கத்துக்குக் காலுறைல இடது வலது தெரியுமா? கொட்டாவிச் சத்தம் தெரியுமா? பிடிக்காத நாயைப் பத்தி, கடிக்கும்னு ஒரு வரில முடிச்சிருவாங்க. இது..." அவர் சொல் தேடினார். அவர்கள் ஊரில் ஆண்கள் அந்தச் சொல்லைக் கைவசம் வைத்துக்கொள்வதில்லை. "இது வேற. இதை எழுதினவங்களுக்கு நாயைக் குடுக்கற எண்ணமே இல்ல."

நோரீன் படிவத்தைப் பார்த்தார். கீழே இரண்டு கட்டங்கள். தகுதி, தகுதியில்லை. இரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், கேட்பார் இல்லை. வில்ஃப் எழுந்து போய்ச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தேநீர் ஆறியது. நோரீன் பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தில் கோடு போட்டு, கையெழுத்திட்டார்.

"தேர்ச்சி" என்றார். வானொலிக் குரல் வரவில்லை.

வில்ஃப் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷத்துல உங்க கையால ஒரு பாஸ். சட்டம் போட்டு மாட்டப் போறேன். ஆனா நாய் வேண்டாம் மேடம். அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

"விதி இருக்கு மிஸ்டர் ஓக்டன். வச்சுப் பாத்துக்கறவங்க எடுத்துக்கக் கூடாது."

"எந்த மடையன் போட்டான் அந்த விதியை?"

"நான்தான்."

"சரி" என்றார் வில்ஃப், கொஞ்சமும் கூச்சப்படாமல். "அப்ப அவங்ககிட்டயே போய்க் கேளுங்க."

கமிட்டி மாதத்தின் முதல் செவ்வாய் மெதடிஸ்ட் ஆலயக் கூடத்தில் கூடும். நோரீன் எழுந்து நின்று, தான் கொண்டுவந்த விதியைத் தானே நீக்கும்படி கேட்டார். எல்லோரும் மார்ஜரியைப் பார்த்தார்கள்.

"டில்லி விஷயத்துல நான் பண்ணது தப்பு, மார்ஜரி" என்றார் நோரீன். "விதி தப்பு. நானும் தப்பு."

மார்ஜரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "டில்லி போன மாசம் செத்துப்போச்சு. அவங்க கடிதம் போட்டிருந்தாங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. லங்காஷயரா இருந்தாலும்." கண்ணாடியை மாட்டினார். "விதியை எடுத்துடலாம். ஆட்சேபணை இல்ல. ஆனா ஒரு வீட்டுக்கு நாய் போகணும்னா சோதனை நடக்கணும். நானே வர்றேன். சனிக்கிழமை பத்து மணி."

சனிக்கிழமை பத்து மணிக்கு மார்ஜரி அளவு நாடாவோடு வந்தார். முழங்கால் மெத்தையும் கொண்டுவந்திருந்தார். ஐம்பது வருஷமாக 'நீ' என்று அழைத்தவர், அன்று வாசல்படி ஏறும்போதே மாறிவிட்டார்.

"வணக்கம், மிஸஸ் கிராப்ட்ரீ. தோட்டத்தைக் காட்டுறீங்களா?"

"மார்ஜரி, உனக்குத் தோட்டம் தெரியும்."

"நான் இதுவரைக்கும் இங்க வந்ததே இல்லன்னு வச்சுக்குங்க."

தோட்டத்தில் வேலி இல்லை, வெறும் புதர்தான். அதில் ஒரு ஆட்டுக்குட்டி நடந்துபோகும் அளவுக்கு இடைவெளி. இத்தனை வீடுகளை அளந்த நோரீனுக்குத் தன் வீட்டை அளக்கத் தோன்றியதே இல்லை. குப்பை மக்கும் குழி திறந்து கிடந்தது. கதவின் தபால் இடுக்குக்குப் பின்னால் கடிதம் விழக் கூடை இல்லை. மார்ஜரி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, நிதானமாக எழுதினார். ஒரு நல்ல சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுவதுபோல் இருந்தது அது.

"கேள்வி முப்பத்தெட்டு. நாய் எங்க தூங்கும்?"

சரியான பதில் சமையலறைக் கூடை. கேள்வியை எழுதியவருக்குத் தெரியாதா?

"என் தலையணைல" என்றார் நோரீன்.

"நீங்க?"

"சுவரோரம்."

டெரிக் இவ்வளவு நேரமும் மார்ஜரியின் கைப்பையைத் தின்றுகொண்டிருந்தான்.

மார்ஜரி பேனாவால் தாளை ஒரு தட்டு தட்டினார். "தகுதியில்லை. வேலி போட்டுட்டு இருபத்தொரு நாள்ல மறுபடி கூப்பிடுங்க. அதுவரைக்கும் தகுதியில்லாத வீட்டுல நாய் இருக்கக் கூடாது. விதி பதினாலு. என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

விதி பதினாலும் நோரீன் போட்டதுதான். டெரிக் கயிற்றை மாட்டவிடவில்லை. சமையலறைத் தரையில் நான்கு கால்களையும் பரப்பி, தன் எடையை மூன்று மடங்காக்கிக்கொண்டு கிடந்தான். கடைசியில் நோரீனே குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டுபோய் மார்ஜரியின் காரில் வைத்தார். அவனுடைய போர்வையை வைத்தார். இடது காலுறை ஒன்றையும் வைத்தார். "வெண்ணெய்த் தட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கதவைச் சாத்தினார். கார் போனதும் வீட்டுக்குள் போய், யாரும் தள்ளாத படுக்கையில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை, சேதி கேட்டு, வில்ஃப் ஓக்டன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கல் மறுநாள் லாரியில் வந்தது. பதினெட்டு நாள் அவர் சுவர் கட்டினார். நோரீன் கல் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு கல்லைப் பற்றிக் கருத்துச் சொன்னார். "இங்க நான்தான் பரீட்சை வாத்தியார் மேடம்" என்றார் வில்ஃப். அதற்கப்புறம் நோரீன் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். மார்ஜரியிடமிருந்து நடுவில் ஒரு போன்கூட வரவில்லை. அதுதான் நோரீனைத் தின்றது. டெரிக்கை வைத்துக்கொண்டு ஒருத்தி மூன்று வாரம் புகார் சொல்லாமல் இருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இருபத்தோராம் நாள் மார்ஜரி வந்தார். டெரிக்கின் கழுத்தில் சிவப்புத் தோலில் புதுப் பட்டை இருந்தது. நோரீன் அதைப் பார்த்தார். மார்ஜரி சுவரை அளந்தார், குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், கதவிலிருந்த கூடையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டாம் கேள்வியைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பினார்.

"தேர்ச்சி" என்று எழுதினார். ஆனால் கயிற்றை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நோரீனின் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனார்.

டெரிக் தோட்டத்தை ஒரு சுற்று வந்தான். புதுச் சுவரின் முன் நின்று யோசித்தான். வில்ஃபின் சுவர் இடுக்கில்லாத சுவர்தான், ஆழமான சுவர்தான். ஆனால் அடுக்கின கல்லில் விளிம்புகள் உண்டு. விளிம்பு இருந்தால் பேட்டர்டேல் நாய்க்கு அது படிக்கட்டு. நான்கே தாவலில் உச்சியில் ஏறி, தெருவைப் பார்த்துக் கம்பீரமாக நின்றான். கீழே மார்ஜரி காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். என்ஜினை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார்.

"நோரீன், சுவத்து மேல என்னமோ நிக்குது."

நோரீன் மேலே பார்த்தார். முப்பத்தோரு வருஷத் தேர்வுகளிலும் நாற்பத்திரண்டு கேள்விகளிலும் எழுதாத ஒன்றைச் சொன்னார்.

"பூனை" என்றார்.

டெரிக் குரைத்தான்.

"குரைக்குதே" என்றார் மார்ஜரி.

"சளி பிடிச்சிருக்கும்."

மார்ஜரி சுவரின் உச்சியை ஒரு நிமிஷம் பார்த்தார். மடியில் படிவம் கிடந்தது. "கம்பளி போத்தி விடு" என்றார். "அதுக்கு ராத்திரி குளிரும்." காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நோரீன் சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு, அதன் மேல் ஏறி, இரண்டு கைகளையும் நீட்டினார். டெரிக் குனிந்து அவரைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல இறங்கி வந்தான்.